பறவையின் நிறத்தை மாற்றலாமா?

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் இடத்தை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் வீராம்பட்டினம். ஆடி மாதத்தில் செங்கழுநீர் அம்மன் தேரைக் காணப் பெருங்கூட்டம் திரளும் ஊர் என்றே பலரும் இதனை அறிவர். ரோமானியரோடு வாணிகம் நடந்த அரிக்கமேடு இதன் அண்டையிலேயே உள்ளது. தேரும் பழமையும் பேசப்படும் அளவுக்கு இவ்வூரின் பறவைகள் பேசப்படுவதில்லை. ஆயினும் காலையில் படகுகள் கரையேறி, வலையிலிருந்து மீன் பிரித்தெடுக்கும் வேளையில் அங்கு நின்று பாருங்கள். தலைக்கு மேலே செம்பருந்துகள் வட்டமிடும். படகின் விளிம்பில் கொக்குகள் காத்திருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டிய குளிர்காலமாயின், வடநாடுகளின் பனிக்குத் தப்பி வந்த உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கடற்காக்கைகளும் ஆலாக்களும் நீர்விளிம்பில் இரை தேடும்.

இக்காட்சிகளைப் படம் பிடிக்கும் ஆர்வம் நம் இளைஞரிடையே பெருகி வருகிறது. நல்லதோர் ஆர்வமே; பறவையைப் பார்ப்பதற்கு அதிகாலையில் எழுந்து கடற்கரைக்குப் போகும் பிள்ளையைப் பற்றி எந்தப் பெற்றோரும் கவலைப்பட வேண்டியதில்லை. முற்காலத்தில் காமிரா வசதியுடையோரின் பொருளாயிருந்தது. இன்றோ கைப்பேசியே காமிரா. அதே கைப்பேசியே படத்தைத் திருத்தும் கூடமுமாகும். நம் கவலை அத்திருத்தத்தைப் பற்றியதே. இளைஞர் சிலர் எடுத்த படங்களைக் காணும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. வானம் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. கொக்கு வெள்ளைத் தாளில் வெட்டி ஒட்டியது போல், இறகின் வரி ஒன்றும் தெரியாமல் நின்றது. மீன்கொத்தியின் முதுகு விளக்கு எரிவது போல் ஒளிர்ந்தது. படங்கள் அழகாயிருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவை வீராம்பட்டினத்துப் பறவைகளாக இல்லை.

படத்தை எடுத்தவனுக்குப் பிடித்திருந்தால் போதாதா, இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விடை காண, இதே புதுச்சேரி மண்ணில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் கதையை முதலில் பார்ப்போம்.

பியேர் சொன்னெரா (1748–1814) இயற்கை ஆய்வாளர். தேர்ந்த ஓவியரும் கூட. இந்தியாவிலும் சீனத்திலும் செய்த பயணங்களைப் பற்றி அவர் 1782இல் வெளியிட்ட நூலில் தமிழ்நாட்டு மக்களின் வாழ்க்கையும் இந்நிலத்துப் பறவைகளும் படங்களோடு இடம்பெற்றன. நம் மலைக்காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் நிலைத்துள்ளது. இத்தகைய ஆய்வாளர் 1776இல், நியூகினித் தீவுக்குச் சென்று வந்ததாக ஒரு நூல் வெளியிட்டார். உண்மையில் அவர் நியூகினியை எட்டவேயில்லை. அதற்கு மேற்கே உள்ள மொலுக்கத் தீவுகளின் பக்கம்தான் சென்றிருந்தார். அந்நூலில், நியூகினியில் கண்டவை என்று பெங்குயின் பறவைகளையும், ஆஸ்திரேலியாவின் 'சிரிக்கும்' மீன்கொத்தியான குக்கபராவையும் வரைந்து காட்டினார். இவை நியூகினியில் வாழாதவை. வேறு யாரிடமிருந்தோ கைக்கு வந்த தோல்களைக் கொண்டு வரைந்திருக்க வேண்டும் என்பதே பின்வந்த ஆய்வாளர்களின் கருத்து.

விளைவு என்ன? அவ்வேடுகளை நம்பியே பறவைகளுக்குப் பெயர் சூட்டினர். பெங்குயின் ஒன்றுக்கு 1781இல் 'பாப்புவா' என்ற பெயர் அமைந்தது. குக்கபராவுக்கு 1783இல் 'நியூகினியைச் சேர்ந்தது' என்று பொருள்படும் பெயர் அமைந்தது. முதலில் இட்ட பெயரே நிலைக்க வேண்டும் என்பது பெயரிடும் விதி. ஆகவே இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அப்பறவைகள் தாம் ஒருபோதும் வாழாத நாட்டின் பெயரைச் சுமந்து திரிகின்றன. ஓவியத்தில் இறகுகள் பிழையின்றியே தீட்டப்பட்டிருக்கலாம். பறவை நின்றதாகச் சொன்ன இடம்தான் பொய்.

நிறமே பெயராகும்போது

தமிழில் வழங்கும் பறவைப் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். செம்பருந்து, வெண்மார்பு மீன்கொத்தி, மஞ்சள் மூக்கு நாரை, பவளக்காலி, பச்சைக்காலி. பின்னிரண்டும் உள்ளான் வகையைச் சேர்ந்தவை. குளிர்காலத்தில் நம் கழிமுகங்களுக்கு வருபவை. உருவிலும் நடையிலும் நெருங்கிய உறவினர். ஒன்றின் கால் பவளம் போல் சிவந்தது. மற்றொன்றின் கால் வெளிறிய பச்சை. கணினியில் நிறத்தை நகர்த்தும் ஓர் அளவுகோல் உண்டு. மாலை வெயிலுக்கு இன்னும் செம்மையூட்டுவோம் என்று அதனை இழுத்துவிட்டால், பச்சைக்காலியின் காலும் சேர்ந்து மாறும்.

கொக்கை எடுத்துக்கொள்வோம். எல்லாம் வெள்ளைதானே என்று தோன்றும். சின்னக் கொக்கின் அலகு கறுப்பு, கால் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். சேற்றில் நடக்கும்போது அவ்விரல்கள் தெரியா. பறக்கும்போது பளிச்செனத் தெரியும். பெரிய கொக்கின் அலகோ ஆண்டின் பெரும்பகுதி மஞ்சளாயிருந்து, கூடு கட்டும் பருவத்தில் கறுப்பாகிவிடுகிறது. ஆக, அலகின் நிறம் பறவை எது என்பதை மட்டுமன்றி, அது எப்பருவத்தில் இருக்கிறது என்பதையும் அறிவிக்கிறது. மடையான் இதனினும் வியப்பு. ஆண்டில் பாதி, உடலெங்கும் மண்ணிறக் கோடுகளோடு வயல்வரப்பில் இருப்பதே தெரியாமல் ஒடுங்கியிருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் முதுகு முழுதும் கருஞ்சிவப்பாக மாறி, வேறொரு பறவையோ என்று மயங்க வைக்கும். இம்மாற்றம் எந்த மாதத்தில் எந்த ஊரில் தொடங்குகிறது என்பதைப் பறவை அறிஞர்கள் ஆர்வத்தோடு கவனிக்கின்றனர். நாம் அழகுக்காகச் சேர்க்கும் செம்மை அங்கே பிழையான செய்தியாகிவிடும்.

இன்னொன்று. குளிர்காலத்தில் வரும் பழுப்புத்தலைக் கடற்காக்கைக்கு அப்போது தலை பழுப்பாக இராது, வெண்மையாயிருக்கும். கண்ணுக்குப் பின்னால் மட்டும் மை சிதறியது போல் ஒரு கரும்புள்ளி இருக்கும். லடாக்கும் திபெத்தும் போன்ற உயர்நிலங்களுக்குத் திரும்பும் காலம் நெருங்கும்போதுதான் தலை முழுதும் பழுப்பேறும். படத்தைத் 'துப்புரவு' செய்யும் கருவியைக் கையில் எடுத்த புதியவர், அக்கரும்புள்ளியை அழுக்கென்று எண்ணித் துடைத்துவிட எவ்வளவு நேரமாகும்?

மீன்கொத்தியின் நீலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த நீலம் சாயப்பொருளால் வந்ததன்று. சிறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நம் கண்ணுக்கு நீலமாகத் தோன்றுகிறது. ஆதலால் வெயிலில் ஒருவிதமாகவும் நிழலில் வேறுவிதமாகவும், பறவை திரும்பும் கோணத்திற்கேற்ப மின்னியும் மங்கியும் தெரியும். அவ்வேறுபாடே அதன் அழகு. நிறச்செறிவைக் கூட்டி ஒரே சீராக நீலம் பூசும்போது அழிவதும் அதுவே.

எதுவரை திருத்தலாம்?

அப்படியானால் படத்தைத் தொடவே கூடாதா? அங்ஙனம் சொல்வாரோடு நமக்கு உடன்பாடில்லை. காமிரா நம் கண் அன்று. விடியற்காலைப் பொன்னொளியைக் கண்டு நாம் மகிழ்ந்திருக்க, காமிராவின் தானியங்கி அமைப்பு அதனைக் குறையென்று கருதி வெளுத்துக் காட்டும். அப்பொன்னொளியை மீட்பது உண்மைக்குத் திரும்புவதேயாகும். சாய்ந்த கடலடிக் கோட்டை நிமிர்த்தலாம். லென்சின் பின்னுள்ள உணர்தகட்டில் படிந்த தூசு வானத்தில் புள்ளியாக விழுந்திருந்தால் நீக்கலாம். அத்தூசு வீராம்பட்டினத்து வானில் இருந்ததன்று. ஓரங்களை வெட்டிப் பறவையை நடுநாயகமாக்கலாம். அளவாக இருள் நீக்கலாம், அளவாகக் கூர்மை சேர்க்கலாம். கூர்மை மிகுந்தால் பறவையைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று தோன்றும்; அது தோன்றியதும் கையை எடுத்துவிட வேண்டும்.

வெண்கொக்கில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. சாதாரணப் படக்கோப்பில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் 0 முதல் 255 வரையான எண்ணாகப் பதிவாகிறது. கடற்கரை வெயிலில் கொக்கின் முதுகு 255ஐத் தொட்டுவிட்டால், அங்கே இறகின் வரிகள் பதிவாகவேயில்லை என்று பொருள். இல்லாததைக் கணினியாலும் மீட்க இயலாது. இருளைக் கூட்டினால் சாம்பல் பூசிய சுவர் போலத் தெரியும். ஆகவே கொக்குக்கு மருந்து கணினியில் இல்லை, படம் எடுக்கும் இடத்தில் உள்ளது. ஒளியளவை ஒரு படி குறைத்து எடுக்க வேண்டும். வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். வசதியுள்ள காமிராவாயின் 'ரா' எனப்படும் மூலக்கோப்பாகப் பதிவு செய்தால் மென்மையான வேறுபாடுகள் மிகுதியாகக் காக்கப்படும்.

உலகின் பெரிய புகைப்பட அமைப்புகள் மூன்று, அதாவது அமெரிக்கப் புகைப்படக் கழகம், சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு, பிரிட்டனின் அரச புகைப்படக் கழகம் ஆகியவை, இயற்கைப் படத்திற்கென ஒரு பொது வரையறையை ஏற்று, 2015 முதல் நடைமுறைப்படுத்தின. படத்தில் எதையும் சேர்த்தலோ, இடம் மாற்றுதலோ, ஓரம் வெட்டுதல் தவிர வேறு வழியில் நீக்குதலோ கூடாது. திருத்தம் இயல்பாகத் தோன்ற வேண்டும் என்பதே அதன் சாரம். வண்ணப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்ற இவ்விதி இடமளிக்கிறது என்பது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். நிறத்தை மாற்றக் கூடாது, முற்றிலும் நீக்கலாம் என்பது முரண்பாடன்று. கறுப்பு வெள்ளைப் படத்தைக் கண்டு எவரும் ஏமாறுவதில்லை. நிறம் இல்லையென்று படமே சொல்லிவிடுகிறது.

இதனைச் சொல்லும்போது சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணனை (1912–1996) நினையாதிருக்க முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1970இல் பத்மஸ்ரீ பெற்றவர், 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் இறுதி வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர். பல காமிராக்களின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட பளுவான கருவியோடு காடுகளில் நடந்தவர். அவர் விரும்பிக் கையாண்டது கறுப்பு வெள்ளையே. யானையின் தோலில் உள்ள சுருக்கமும், அது நிற்கும் காட்டின் செறிவும் அப்படங்களில் பேசுகின்றன. வண்ணம் மலிந்த காலத்தில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு அப்படங்களைக் காட்டினால் நலம்.

கணினிக்கு முன்பே நடக்கும் திருத்தமும் ஒன்றுண்டு. அதனை இருப்பதிலேயே கொடியதென்போம். கூட்டிலுள்ள குஞ்சுகள் நன்றாகத் தெரிய வேண்டுமென்று மறைத்து நிற்கும் இலையையும் கிளையையும் ஒடிப்பது அது. அவ்விலை தாய்ப்பறவை தேர்ந்தெடுத்த குடை. அது போனால் வெயிலும் காக்கையும் குஞ்சுகளை விடமாட்டா. மணலிலேயே முட்டையிடும் உப்புக்கொத்தியின் அருகே கூட்டமாகச் சென்று நிற்பதும் அத்தகையதே. தாய் எழுந்து ஓடிய சிறிது நேரத்தில் கொதிக்கும் மணலில் முட்டை கெட்டுவிடும்.

வலையும் கயிறும் இருக்கட்டும்

வீராம்பட்டினத்துக்கென்றே உரிய ஒரு கேள்விக்கு வருவோம். இங்கே கொக்கு நிற்பது தாமரைக்குளத்தில் அன்று, படகின் விளிம்பில். ஆலா அமர்வது மூங்கில் கழியில். கடற்காக்கையின் பின்னணியில் நீலமும் பச்சையுமாக நைலான் வலைக்குவியல் இருக்கும். வலையையும் கயிற்றையும் துடைத்துவிட்டு வெறும் மணலும் கடலும் வைத்தால்தான் 'இயற்கை' என்று பலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. மேலே சொன்ன சர்வதேச வரையறைகூட, மனிதர் மாற்றியமைத்த சூழலோடு பழகிவிட்ட பறவைகளின் படங்களில், அப்பொருள்கள் அவற்றின் வாழ்க்கைக் கதையின் பகுதியாயிருந்தால் ஏற்றுக்கொள்கிறது. இவ்வூரில் மீனவர் வாழ்வும் பறவையின் வாழ்வும் ஒன்றோடொன்று பின்னியவை. படகு வரும் நேரத்தைக் கொக்கு அறியும். அப்படகைத் துடைத்தழித்தால், கொக்கு ஏன் அங்கே காத்திருக்கிறது என்ற காரணமும் அழிந்துபோகும்.

மேலும், கரையில் கிடக்கும் அறுந்த வலைத்துண்டுகளும் பிளாஸ்டிக் பைகளும் பறவைகளின் காலில் சுற்றிக்கொள்வது உலகக் கடற்கரைகள் எங்கும் காணும் துயரம். காலில் நூல் சுற்றிய ஓர் ஆலாவின் படம் நமக்குக் கிடைக்குமாயின், அந்நூலைக் கணினியில் அழித்து ஆலாவை அழகாக்குவதைவிட, உள்ளபடியே ஊராருக்குக் காட்டுவது பயன் தரும். படத்தில் நூலை எடுத்துவிட்டால் பறவையின் காலிலிருந்து அது போய்விடாது.

ஏமாற்று என்று வரும்போது எளியோரும் பெரியோரும் ஒன்றே. 1982 பிப்ரவரியில் 'நேஷனல் ஜியாகரபிக்' இதழ், அட்டையின் அளவுக்குப் பொருந்த வேண்டுமென்று எகிப்தியப் பிரமிடுகளைக் கணினியால் நெருக்கி வைத்துக் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில், 2009இல் வேலி தாண்டும் ஓநாய்ப் படம் முதற்பரிசு பெற்றது. அது பழக்கப்பட்ட வளர்ப்பு ஓநாயாகவே இருக்க வேண்டுமென்று கருதிய நடுவர்கள் 2010 ஜனவரியில் பரிசை விலக்கினர். 2017இல் அதே போட்டியில் ஒரு பிரிவில் வென்ற எறும்புண்ணியின் படம், பஞ்சடைத்த உடலைக் கொண்டு எடுத்ததாக முடிவு செய்யப்பட்டு 2018 ஏப்ரலில் நீக்கப்பட்டது. படம் எடுத்தோர் இருவரும் குற்றச்சாட்டை மறுத்தனர். பரிசு போனதோடு அக்கதைகள் முடிந்தன. இந்தியாவில் நிகழ்ந்த மற்றொன்று அவ்வளவு எளிதில் முடியவில்லை.

மத்திய இந்தியக் காடுகளில் வாழும் சிறு ஆந்தை வகை ஒன்று, 1884க்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. ஆயினும் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் அதனைப் பிடித்ததாக ஒரு பதனிட்ட உடலை வைத்திருந்தார். பல்லாண்டுகளாக அறிஞர்கள் அதனை நம்பினர். 1990களில் அமெரிக்கப் பறவையியலாளர் பமேலா ராஸ்முசென் அவ்வுடலை நுணுகி ஆராய்ந்தார். ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் முந்தைய நூற்றாண்டில் சேகரித்துத் தைத்து வைத்ததை, அருங்காட்சியகத்திலிருந்து திருடி, தையலைப் பிரித்துப் பஞ்சை மாற்றி, புதுச் சீட்டுக் கட்டியது என்பது வெளிப்பட்டது. ஆம், அதுவும் ஒரு 'திருத்தம்'தான்! பொய்யான ஊரை ஒதுக்கிவிட்டு, மெய்யான பழைய பதிவுகளைப் பின்பற்றிச் சென்ற ராஸ்முசென் குழுவினர், 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் சகாதா அருகே அவ்வாந்தையை உயிரோடு கண்டனர். நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு!

அன்று அறிஞர் சிலர் செய்த பணியை இன்று நாடெங்கும் பொதுமக்கள் செய்கின்றனர். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படையானவை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் அளித்த ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகள். எந்தப் பறவை குறைகிறது, எதற்கு உடனே பாதுகாப்பு வேண்டும் என்பதெல்லாம் இப்பதிவுகளிலிருந்தே கணிக்கப்படுகின்றன. ஐயத்துக்குரிய பதிவு வந்தால் படம் கேட்கின்றனர். 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நம் ஊசுடு ஏரியிலோ, வீராம்பட்டினத்துக் கரையிலோ ஒரு பள்ளி மாணவன் எடுத்த படமும் அங்கே சான்றாகும். ஆகவேதான் முன்பு கேட்ட கேள்விக்கு, நட்டம் உண்டு என்று விடையளிக்கிறோம்.

இக்காலத்தில் புதிதாய் ஒரு சோதனை வந்துள்ளது. மங்கலான படத்தைத் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள், தெரியாத இறகுகளைத் தாமே வரைந்து நிரப்புகின்றன. பார்ப்பதற்கு ஒவ்வோர் இழையும் துல்லியமாயிருக்கும். ஆனால் அது நம் கரையில் நின்ற கொக்கின் இறகன்று. எங்கோ எவரோ எடுத்த ஆயிரமாயிரம் கொக்குகளிலிருந்து அப்பொறி கற்றுக்கொண்ட ஊகம். கைப்பேசிகள் பலவும் நம்மைக் கேளாமலே இத்தகைய மெருகேற்றலைச் செய்கின்றன. அமைப்புகளில் தேடி அதனை நிறுத்தி வைக்க முடியுமாயின் நிறுத்தி வைப்பது நன்று.

பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும் நாம் கூற விரும்பும் நடைமுறை யோசனை எளியது. படம் எதுவாயினும் மூலக்கோப்பை அழிக்காது தனியே வைத்திருங்கள். திருத்துவதை நகலில் செய்யுங்கள். எடுத்த நாள், நேரம், இடம் மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். காமிராவின் கடிகாரம் சரியாக உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருத்திய படத்தையும் மூலத்தையும் அருகருகே வைத்து, அக்காலையில் உடனிருந்த ஒருவரிடம் காட்டுங்கள். சுவரில் மாட்டி மகிழ்வதற்காகத்தான் வானத்தைக் கத்தரிப்பூ நிறமாக்கினீர்கள் என்றால், படத்தின் கீழே அதனை ஒரு வரியில் குறித்துவிடுங்கள். ஒருவரும் குறை சொல்லார்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று கண்ட பறவைகளை எண்ணி எழுதினாலே அதில் பங்கு கொள்ளலாம். அடுத்த பொங்கலுக்கு வீராம்பட்டினம் செல்லும் பிள்ளைகள் விலையுயர்ந்த லென்சு இல்லையே என்று வருந்த வேண்டா. கைப்பேசியில் எடுத்த படம் தொலைவாகவும் மங்கலாகவும் இருக்கலாம். கடற்காக்கையின் கண்ணுக்குப் பின்னால் அக்கரும்புள்ளி தெரிந்தால் போதும். அது இன்ன பறவை, இன்ன பருவத்தில் உள்ளது என்று அறிந்தோர் சொல்லிவிடுவர்.